வந்தவர், வந்தேறி, வராதவர்

1

போன தை மாதம் சின்னநாய்னா ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். எங்கள் சங்கம் ஒரு மலர் போடுகிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் வம்ச வரலாற்றை எழுதித் தர வேண்டுமாம். "நீதானே தமிழ் எம்.ஏ. படிச்சவன், நாலு பக்கத்துக்கு எழுதிக் குடு" என்றார். (பேசியது தெலுங்கில். எங்கள் வீட்டுத் தெலுங்கு காஞ்சிபுரத்தைத் தாண்டினால் செல்லுபடியாகாது என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.)

நோட்டில் ஏழு தலைமுறை இருந்தது. எல்லாம் ஆண்களின் பெயர்கள். தாத்தாவுக்கு மேலே போனால் வருஷம் கிடையாது. பெயர், பக்கத்தில் எத்தனை தறி என்கிற கணக்கு, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே 'கிருஷ்ணதேவராயர் காலத்தில் காஞ்சிக்கு வந்தோம்' என்று ஒரு வரி. அதைச் சின்னநாய்னா குறுக்கே அடித்துவிட்டு, வேறு மையில் 'ஆதியிலிருந்தே இங்கேதான் இருக்கிறோம்' என்று எழுதியிருந்தார்.

ஏன் அடித்தீர்கள் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். நெசவுக் கூலி சம்பந்தமாக ஒரு கூட்டம். இவர் எழுந்து ஏதோ கேட்டிருக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், பேரன் வயசுதான் இருக்கும், "வந்தேறிங்கல்லாம் இங்க எதுக்குப் பேசணும்" என்றிருக்கிறான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அறுபது வருஷமாகக் குழித்தறியில் கால் வைத்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து அந்த வரியை அடித்திருக்கிறார்.

அந்த அடித்தலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் குடும்பம் எப்போது வந்தது என்கிற ஆராய்ச்சி இதில் இல்லை. 'வா' என்கிற ஒரே வினையிலிருந்து இந்தத் தொண்டை மண்டலத்தில் ஒருவருக்குக் காணி பிறந்திருக்கிறது, ஒருவருக்கு வசை பிறந்திருக்கிறது. வேறொருவர் வரவே இல்லை, இங்கேயே கிடந்தார். அவருக்கு இரண்டும் இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். நோட்டை எழுதுவது அதற்கப்புறம்.

2

இந்த மண்ணின் மிகப் பெரிய குடியேற்றக் கதை ஆதொண்டைச் சக்கரவர்த்தியின் கதை. பல வடிவங்களில் கிடைக்கிறது. காலின் மெக்கன்சி ஆள் வைத்துத் திரட்டிய சுவடிகளிலும் கையெழுத்துப் படிகளிலும் இதன் கிளைகள் பல உண்டு. சுருக்கம் இது: தொண்டை நாடு முன்னே காடு. அதில் குறும்பர் என்பவர்கள் இருந்தார்கள். புழல் அவர்கள் தலைநகரம். இருபத்துநான்கு கோட்டைகள். சோழனின் மகன் ஆதொண்டை படையெடுத்து வருகிறான். முதலில் தோற்கிறான். திருமுல்லைவாயிலில் யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்க, வெட்டும்போது இறைவன் வெளிப்பட, அருள் பெற்றுத் திரும்பிப் போய்க் குறும்பரை அழிக்கிறான். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இரண்டு எருக்கந் தூண்களை அந்தக் கோயிலில் இன்றைக்கும் காட்டுகிறார்கள். வென்ற நாட்டைத் திருத்த ஆள் வேண்டும். சோழ நாட்டிலிருந்தும் துளு நாட்டிலிருந்தும் வேளாளக் குடிகளைக் கொண்டுவந்து குடியேற்றுகிறான். 24 கோட்டம், 79 நாடு என்று மண்டலம் பிரிகிறது. வந்தவர்களுக்கு ஊர் ஊராகக் காணி.

ஒரு முன்னோடிக் குடும்பத்தின் வரலாற்றில் என்னென்ன இருக்க வேண்டுமோ அத்தனையும் இதில் இருக்கிறது. தூர தேசம், பயணம், காடு, ஆபத்து, தெய்வச் சம்மதம், உழைப்பு, கடைசியில் உரிமை. ஆனால் இந்தப் பிரதியைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்தால் உள்ளே ஒரு கிழிசல் தெரிகிறது. நாடு வெறும் காடு என்றால் இருபத்துநான்கு கோட்டைகள் எங்கிருந்து வந்தன? கோட்டை கட்டியவன் குடியிருக்காமலா கட்டினான்? காடு என்று சொன்ன அதே வாய் கோட்டை என்றும் சொல்கிறது. இடம் காலியாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் வந்தவன் முதல்வன். இடத்தில் எதிரியும் இருக்க வேண்டும், அப்போதுதான் வந்தவன் வீரன். கதைக்கு இரண்டும் தேவைப்படுகிறது. ஆகவே குறும்பர் ஒரே சமயத்தில் இருக்கவும் இல்லாமலிருக்கவும் பணிக்கப்படுகிறார்கள்.

வரலாற்றுச் சான்று என்று பார்த்தாலும் கதை நிற்பதில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரத்துச் செப்பேடு ஏழாம் நூற்றாண்டுப் பரமேசுவரவர்மப் பல்லவன் காலத்தது. அதில் கூரம் ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்த ஊராக வருகிறது. அதாவது சோழன் மகன் வந்து பிரித்ததாகச் சொல்லப்படும் கோட்டங்கள் சோழர்கள் இந்தப் பக்கம் தலை காட்டுவதற்கு இருநூறு வருஷம் முன்பே ஏட்டில் இருக்கின்றன. ஊர் இருந்தது, நிலம் இருந்தது, அளவு இருந்தது, வரி இருந்தது.

கதை பொய் என்று நிரூபித்துவிட்டு எழுந்து போவது நம்முடைய பகுத்தறிவு மரபுக்குப் பிடித்த வேலை. எனக்கு அதில் திருப்தியில்லை. பொய்யான ஒரு கதை எந்த வேலையைச் செய்தது, யாருக்காகச் செய்தது என்பதுதான் கேள்வி. தோற்றத்தைத் தேடாதே, தோற்றம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டிய நெருக்கடி எங்கே உண்டானது என்று தேடு என்பதுதானே நாம் பூக்கோவிடம் படித்த பாடம்.

3

அந்த நெருக்கடி கம்பெனி காலத்தில் உண்டானது. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதி கம்பெனிக்கு ஜாகீராகப் போகிறது. வரி வாங்க வேண்டும். யாரிடம் வாங்குவது? நிலம் யாருடையது? 1794முதல் 1798வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். ஊர்களில் பங்குக்காரர்கள் இருந்தார்கள். தங்கள் உரிமையைக் காணியாட்சி என்றார்கள். கச்சேரிப் பாஷையில் அது மிராசு. மிராசு என்ற அரபுச் சொல்லுக்குப் பொருளே வாரிசுச் சொத்து என்பதுதான். வாரிசு என்றால் முதலில் ஒரு மூதாதை வேண்டும். மூதாதை என்றால் அவர் எங்கிருந்தோ வந்து எதையோ உண்டாக்கியிருக்க வேண்டும்.

இங்கேதான் நம் எல்லீசன் வருகிறார். தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த பெயர், பிரான்சிஸ் வைட் எல்லிஸ். குறளுக்கு உரை எழுதியவர். சென்னையின் கலெக்டர். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால், 1816இல் எழுதியவர். அதே 1816இல் அவர் இன்னொன்றும் எழுதினார். மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கான பதில். 1818இல் அச்சானது. அந்தப் பதிலில் ஆதொண்டையின் கதை சாட்சியாக வந்து நிற்கிறது. குறும்பரை வென்று, காட்டைத் திருத்தி, குடியேறிய வேளாளர்களுக்குச் சலுகையாகக் கொடுக்கப்பட்டதே காணியாட்சி. ஆகவே அது அரசன் நினைத்தால் பறிக்கக்கூடிய தயவு அல்ல, பரம்பரைச் சொத்து. கோயிலில் சொன்ன கதை கச்சேரிக்குள் போய்ப் பத்திரமாகிறது.

எல்லிஸ் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் இட்டுக்கட்டினான் என்று சொல்வதும் சோம்பேறித்தனம். 1994இல் வந்த யூஜின் இர்ஷிக்கின் புத்தகம் செங்கல்பட்டையே களமாகக் கொண்டது. நிலையான கிராமம், பூர்வகுடி, பழைய வழக்கம் என்கிற கருத்துகளெல்லாம் அதிகாரிகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து உண்டாக்கியவை என்பது அவர் வாதம். 'சேர்ந்து' என்கிற சொல்லை அடிக்கோடிட வேண்டும். கேட்டவர் துரை, சொன்னவர் பங்குக்காரர், எழுதியவர் கச்சேரி உத்தியோகஸ்தர். இந்த மூவரும் உட்கார்ந்து பேசிய இடத்தில் நாலாவது ஆள் இல்லை. அவர் வயலில் இருந்தார்.

மிராசு என்றால் நஞ்சை புஞ்சை மட்டுமில்லை. ஊர் மொத்தத்தின் மீதும் பாத்தியம். தரிசின் மீது, புறம்போக்கின் மீது, சேரி நத்தத்தின் மீதும்கூட. முன்னோர் முதலில் வந்தார்கள் என்கிற ஒரு வாக்கியத்தின் பலத்தில், இன்னும் யாரும் உழாத நிலத்தின் மீதும், அடுத்தவர் குடிசை போட்டிருக்கும் மண்ணின் மீதும் உரிமை படர்ந்தது.

4

இது தொண்டை மண்டலத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. குடும்ப வரலாறு எழுதுவதை ஒரு தேசிய வழக்கமாகவே வைத்திருக்கிற அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்கள் எழுதிக்கொள்ளும் கதைக்கு ஒரு அச்சு உண்டு. 1845இல் உருளைக்கிழங்கு அழுகியது, பஞ்சம், கப்பல், நியூயார்க், பிறகு மேற்கே வண்டி கட்டிப் போய் ஒரு மரவீடு. அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலே நாட்டை விட்டார்கள். அந்தத் துயரம் நிஜம். 1862இல் குடியேற்றச் சட்டம் வந்தது. ஐந்து வருஷம் குடியிருந்து திருத்தினால் 160 ஏக்கர் உன்னுடையது என்றது. அந்த ஏக்கர்கள் காலியாகக் கிடந்தவை அல்ல. செவ்விந்தியர்கள் என்று நாம் தப்பாகச் சொல்லிப் பழகிய மக்களிடமிருந்து போராலும் ஒப்பந்த மோசடியாலும் பிடுங்கியவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1609முதல் அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரில் ஆங்கில அரசு ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆள் கொண்டுவந்து குடியேற்றியது. அங்கே ஐரிஷ்காரன்தான் குறும்பன். காட்டுமிராண்டி என்று சொல்லி அவன் நிலத்தை எடுத்தார்கள். அதே மக்களின் வாரிசுகளில் பலர் அட்லாண்டிக்கைக் கடந்து போய் ஆதொண்டையின் வேளாளர்களானார்கள். பறிகொடுத்தவன் நாளைக்குப் பறிக்க மாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

நம் பக்கத்திலிருந்தும் கப்பல் போயிருக்கிறது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் சேர்ந்தது. அதற்கப்புறம் ஐம்பது வருஷம் வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களும் காடு திருத்தினார்கள், கரும்பு நட்டார்கள். ஆனால் அவர்களை யாரும் முன்னோடி என்று சொல்லவில்லை. கூலி என்றார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா எல்லாம் பதிவேட்டில் ஏற்றப்பட்டு ஒரு நம்பரும் கொடுக்கப்பட்டது. இன்றைக்கு அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் அந்த நம்பரை வைத்துக்கொண்டு ஊர் தேடி வருகிறார்கள். அடகு போனவனுக்குத் தஸ்தாவேஜு இருக்கிறது, ஊரிலேயே இருந்தவனுக்கு இல்லை என்பது வரலாற்றின் கோணல்களில் ஒன்று.

ஆக, வந்தது ஒன்றுதான். நிலம் கிடைத்தால் முன்னோடி. கிடைக்காவிட்டால் கூலி அல்லது வந்தேறி.

5

மறுபடி செங்கல்பட்டுக்கு வருவோம். எல்லிஸ் எழுதி எழுபத்தைந்து வருஷம் கழித்து, 1891இல், இதே ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதுகிறார். குடியிருக்கும் மனை அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாருக்குச் சொந்தம். வாய் திறந்தால் வீட்டை விட்டுப் போகச் சொல்லலாம். கடனுக்குப் பண்ணையில் கட்டுப்பட்டு உழைக்க வேண்டும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. முதலில் வந்தவர்களின் வாரிசு என்கிற கதை, இன்னொருவர் ஒரு துண்டு நிலத்துக்கு மனுப் போடுவதைக்கூடத் தடுக்கும் விதியாக வேலை செய்தது. அந்தக் குறிப்பின் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வருகிறது. அதன் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து வருஷம் கைமாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்கின்றன. அதில் எவ்வளவு இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்பதுதான் பஞ்சமி நிலப் போராட்டம்.

1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். காட்டைத் திருத்திய கதையைச் சொல்லிக் காணி கேட்டவருக்குக் கம்பெனி பதினேழு கேள்வி கேட்டுப் பதிலை அச்சுப்போட்டுத் தந்தது. அரசாணையைக் காட்டி நிலம் கேட்டவருக்குத் தோட்டா கிடைத்தது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தலித் அரசியல் இந்தக் கதையை அதனுடைய ஆயுதத்தாலேயே எதிர்கொண்டது. அயோத்திதாசர் 'பூர்வத் தமிழர்' என்றார். 1922இல் 'ஆதிதிராவிடர்' என்பது அரசாங்கப் பெயராகவே ஆயிற்று. நீ வந்தவன் என்றால் நான் வராதவன், என்றைக்கும் இங்கேயே இருந்தவன் என்பது 'ஆதி' என்ற சொல்லின் அர்த்தம். அந்தச் சொல்லுக்கு ஒரு நூற்றாண்டுச் சுயமரியாதை இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதே 'ஆதி'யை என் சின்னநாய்னா தன் நோட்டில் எழுதும்போது அர்த்தம் மாறிவிடுகிறது. பறிக்கப்பட்டவன் ஆதி என்று சொல்வதும், ஒரு கூட்டத்தில் அவமானப்பட்டவன் தன் வரவை மறைக்க ஆதி என்று எழுதுவதும் ஒன்றல்ல. காணிக்காரனே ஆதி என்று சொல்வது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே தராசில் போட்டு 'மண்ணின் மைந்தர்' என்று எடை போடுகிற அரசியல்தான் இன்றைக்கு அந்தப் பையன் வாயில் 'வந்தேறி'யாக வருகிறது. மொழியை வைத்து ரத்தம் பார்க்கிறான். தமிழும் தெலுங்கும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று சொன்னவரை நாம் எல்லீசன் என்று கொண்டாடுகிறோம். அதையாவது அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

6

நெசவாளர்களுக்கு வருவோம். எங்கள் ஆட்கள் வருவதற்கு ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை. பட்டு நெசவாளர் குடிபெயர்ந்ததைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் இருக்கிறது. லாட நாட்டிலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, தசபுரத்துக்கு வந்த பட்டு நெசவாளர் குழு 436-37இல் சூரியனுக்கு ஒரு கோயில் கட்டியது. 473இல் அதைப் பழுது பார்த்தது. நாங்கள் வந்தோம், குடும்பத்தோடு வந்தோம், சிலர் நெசவை விட்டு வில்லெடுத்தோம், சோதிடம் படித்தோம் என்று வத்ஸபட்டி என்ற கவிஞரை வைத்துக் கல்லில் பெருமையாகவே எழுதி வைத்தார்கள். (சௌராஷ்டிரர்கள் இதைத் தங்கள் வரலாறு என்பார்கள். நான் அந்தப் பங்குக்கு வரவில்லை.)

எங்கள் பத்மசாலியர் கதையில் நாங்கள் தாமரைத் தண்டின் நூலில் தேவர்களுக்கு ஆடை நெய்தவர்கள். கடை விளம்பரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆந்திரத்திலிருந்து அழைத்துவந்த நெசவாளர்கள். ராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் தெற்குக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஏதோ ஒரு சொந்தம் கொண்டாடுவார்கள்.

நான் சின்னநாய்னாவிடம் ஒரு தவறு செய்தேன். உத்தமசோழனின் செப்பேட்டைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. காஞ்சிபுரத்து ஊரகத்துப் பெருமாள் கோயிலின் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நகரத்தின் நாலு குடியிருப்புகளில் வாழ்ந்த பட்டசாலிகளிடம் ஒப்படைத்ததாக அதில் வருகிறது. பட்டசாலிகள் நெசவாளர்கள். கேட்டவுடன் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, பட்டசாலி, பத்மசாலி! ஆயிரம் வருஷத்துக்கு முன்னயே கோயில் கணக்கு நம்ம கையில இருந்திருக்கு. இதை எழுது" என்றார்.

எழுத முடியாது என்றேன். தொழிற்பெயர் ஒத்துப்போவதால் குடும்பம் ஒத்துப்போகாது. அந்தப் பட்டசாலிகள் கைக்கோளராகக் கரைந்திருக்கலாம், ஊரை விட்டே போயிருக்கலாம், எங்களில் சிலருக்குப் பாட்டனாகவும் இருந்திருக்கலாம். தறிக்கு இறை போட்டால் நெசவாளன் தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவான். சலுகை தந்தால் அங்கே கால் ஊன்றுவான். தூக்கிக்கொண்டு போகக்கூடிய தொழில் அது. நிலத்தை அப்படித் தூக்க முடியாது. அதனால்தான் நிலத்துக்குக் கதை வேண்டியிருந்தது, தறிக்கு வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பெருமையோடு பேசுகிற காஞ்சிப் பட்டே இந்த அளவுக்குப் பெரிய தொழிலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு அப்புறம்தான். அதுவரை இங்கே தறிகளில் பெரும்பாலும் பருத்தி. பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தன. சேலையே வந்தேறி.

அவருக்குக் கோபம். "அப்ப அந்தப் பையன் சொன்னதுதான் சரிங்கிறியா?"

அவன் சொன்னதில் தகவல் சரி, வசைதான் பொய் என்றேன். நாம் வந்தவர்கள்தான். அவனுடைய முன்னோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான், அவனுடைய கதையே அப்படித்தான் சொல்கிறது. மெக்கன்சி சுவடிகளில் ஒரு பதிவின்படி குறும்பரே கருநாட்டிலிருந்து வந்தவர்கள். நாம் வாதாட வேண்டியது யார் முதலில் வந்தார் என்று அல்ல. முதலில் வந்தவருக்குத்தான் பேச்சுரிமை என்கிற விதியோடு. அந்த விதியை ஏற்றுக்கொண்டு நாமும் ஆதி என்று எழுதினால், நாளைக்கு வட மாநிலத்திலிருந்து வந்து இந்த ஊரில் கூலி வேலை செய்கிற ஒருவனை நம் பேரன் வந்தேறி என்பான். அவனுக்கு நோட்டை எடுத்துக் காட்டுவான்.

7

இத்தோடு முடித்திருந்தால் நான் நல்லவன், சின்னநாய்னா கொஞ்சம் விவரம் போதாதவர் என்று கட்டுரை நிமிர்ந்து நின்றிருக்கும். நோட்டைத் திரும்பப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. தாத்தா பெயருக்கு நேரே 'நாலு தறி' என்று இருக்கிறது. நாலு தறியைத் தாத்தா ஒருவரா நெய்தார்?

காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை என்பது இரண்டு பேர் வேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டும் இழைக்கு இழை கோர்த்துப் போக வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் சிறுவர்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார்கள். பணம் அடையும்வரை பையன் தறியில் இருப்பான். பெரும்பாலும் பணம் அடையாது. தொண்ணூறுகளிலும் அதற்கப்புறமும் இது பற்றி ஆய்வுகள் வந்தன, சட்டம் வந்தது, சோதனை வந்தது. இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் என் சிறு வயதில் எங்கள் வீட்டுத் தறியிலேயே ஒரு பையன் இருந்தான். சேரிப் பையன். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவன். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது குழித்தறியில் இருப்பான், திரும்பி வரும்போதும் இருப்பான். அவனுக்குத் தட்டு தனி. அவ்வா கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே அவனை விரட்டிக்கொண்டிருப்பாள். என் எம்.ஏ. படிப்புக்கு அந்தத் தறிகளின் பணம்தான் போனது.

ஏழு தலைமுறை நோட்டில் அவன் இல்லை. தார் சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்த அவ்வாவும் இல்லை. நாலு தறி இருக்கிறது, நாலு தறியில் உட்கார்ந்தவர்கள் இல்லை. குறும்பர் எப்படி இருக்கவும் இல்லாமலும் ஆனார்கள் என்று மேலே நான் கெட்டிக்காரத்தனமாக எழுதினேனே, அதை எங்கள் வீட்டிலேயே செய்திருக்கிறோம். ஆதொண்டை வரை போயிருக்க வேண்டியதில்லை. 'பரம்பரை நெசவாளர்' என்று நாங்கள் எங்களைச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், நெசவு கற்று எங்கள் தறியிலேயே கை தேர்ந்த அந்தப் பையனுக்குப் பரம்பரை கிடையாது என்றும் சேர்த்தே சொல்கிறோம். காணி என்பது நிலத்தில் மட்டும்தானா இருக்கிறது?

இதைச் சின்னநாய்னாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. சங்க மலரில் இதையெல்லாம் போட மாட்டார்கள் என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன்.

ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் தறியிலிருக்கும் பழைய இழைகளின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டுப்போனாலும் துணியில் கோடு விழும். நெசவாளி அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவான். வம்சக் கணக்கு எழுதுகிறவர்கள் மட்டும் கோடு விழுந்ததைப் பார்ப்பதில்லை.

மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'வந்தோம்' என்கிற வரியைத் திரும்ப முதலில் சேர்த்தேன். எந்த ராயர் காலம் என்று எழுதவில்லை. அவ்வாக்களின் பெயர்களில் தெரிந்த நாலைச் சேர்த்தேன். 'நாலு தறி' என்ற இடத்தில், 'இவற்றில் கூலிக்கும் முன்பணத்துக்கும் வேலை செய்தவர்களின் பெயர்கள் இந்தக் குடும்பத்திடம் இல்லை' என்று ஒரு வாக்கியம். சங்கம் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுத்தான் அச்சடித்தது.

மலர் வந்த அன்று சின்னநாய்னா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அவன் பேர் எனக்கும் ஞாபகம் வரலடா. ஆனா அவங்க ஊர் தெரியும். வாலாஜாபாத் பக்கம். ஒரு நாள் போய்க் கேட்டா சொல்லுவாங்க."

போய் என்ன கேட்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பெயரைக் கேட்கலாம். நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.